கடன் பதிவை அழிக்க முடியுமா, டீச்சர்?

மரக்காணத்திலிருந்து ஆரோவில் வரை நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களின் பெற்றோரில் சிலர் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். சிலர் மீன்பிடிக்கிறார்கள். தெற்கே ஆரோவிலைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளின் வீடுகளில் கட்டட வேலை, தோட்ட வேலை, கைவினைக் கூடங்களில் வேலை, விருந்தினர் விடுதிகளில் வேலை என்று வருமானம் பல வழிகளில் வருகிறது. கடன் இல்லாத வீடு மிகக் குறைவு.

ஒன்பதாம் வகுப்புப் பொருளியலில் ‘பணம் மற்றும் கடன்’ என்ற பாடம் உண்டு. சில ஆண்டுகளாக அதை நான் ஒரே மாதிரி நடத்தி வந்தேன். பணத்தின் தோற்றம், வங்கிகள், முறைசார்ந்த கடன், முறைசாராக் கடன் என்று சொல்லிவிட்டு, “ஆகவே தேவையில்லாமல் கடன் வாங்கக் கூடாது” என்று முடிப்பேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டம் வெள்ளக்காடானது. உப்பளப் பாத்திகள் எல்லாம் மழைநீரில் மூழ்கிக் கிடந்தன. அடுத்த கல்வியாண்டில் இந்தப் பாடத்தை நடத்தி, வழக்கம்போல அறிவுரையுடன் முடித்தபோது ஒரு மாணவி மட்டும் தலையாட்டவில்லை. வகுப்பு முடிந்ததும் மேசை அருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், சிபில் கெட்டுப் போச்சுன்னா அழிக்க முடியுமா? அழிச்சுத் தரேன்னு ஒருத்தர் அம்மாகிட்ட ஐயாயிரம் கேக்குறாரு. குடுக்கலாமா?”

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். அந்த நாளைக்காகப் படிக்கத் தொடங்கியதுதான் இந்தப் பாடத்தை நான் நடத்தும் முறையையே மாற்றியது. அதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆசிரியர் அறிய வேண்டியவை

நம் நாட்டில் கடன் பதிவைப் பராமரிக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். சிபில் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பேச்சுவழக்கில் அதன் பெயரே கடன் மதிப்பெண்ணுக்கும் பெயராகிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் இந்த நான்கிற்கும் அனுப்புகின்றன. மகளிர் குழுவாகச் சேர்ந்து வாங்கும் நுண்கடனும் இதில் அடங்கும். தவணையை எந்த மாதம் கட்டினோம், எத்தனை நாள் தாமதித்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த விவரங்களிலிருந்து 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது.

மாணவர்களுக்கு இதை ‘மாற்றுச் சான்றிதழ் போல’ என்று சொன்னேன். நாம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பழைய பள்ளியின் விவரம் கூடவே வருகிறது. கடன் பதிவும் அப்படித்தான். கைபேசி எண்ணை மாற்றினாலும், வீட்டை மாற்றினாலும், பான் எண், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி ஆகியவற்றின் வழியே பதிவு நம்மைக் கண்டுகொள்ளும். ஒரு கடன் விவரம் குறைந்தது 7 ஆண்டுகள் பாதுகாக்கப்படுகிறது.

மாணவியின் கேள்விக்கு விடை இதற்குள் இருந்தது. ஒரே வரியில் சொன்னால்: தவறான பதிவைத் திருத்தலாம், அதற்குக் கட்டணம் இல்லை, உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, எவ்வளவு கொடுத்தாலும். ஐயாயிரம் கேட்டவர், இலவசமாக நடக்கக்கூடிய வேலைக்குப் பணம் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நடக்கவே நடக்காத வேலைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த வீட்டில் நடந்தது

மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். தனியார் கல்லூரியில் சேரக் கல்விக் கடன் கேட்டிருக்கிறார்கள். கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். அம்மாவின் பதிவைப் பார்த்த வங்கி, நிலுவை இருப்பதாகச் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அதை எடுத்து அம்மாவும் மகளும் நானுமாகப் படித்தோம். இரண்டு சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, முன்பே முழுதாகக் கட்டி முடித்த ஒரு குழுக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. அது தவறான பதிவு. கட்டிய ரசீதுகளை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். புகார் அளித்தோம். இப்படிப்பட்ட புகாரை 30 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் உள்ளது. அந்தப் பதிவு 30 நாள்களுக்குள் திருத்தப்பட்டது. செலவு, நகல் எடுத்த காசு மட்டும்.

இரண்டாவது, அம்மாவின் பெயரில் பக்கத்து வீட்டு அக்காவுக்காக வாங்கிக் கொடுத்த கடன். புயலுக்குப் பிறகு அக்கா கட்டவில்லை. ரூ.18,000 நிலுவை. “நான் வாங்கலியே டீச்சர், பேரு மட்டுந்தானே என்னுது” என்றார் அம்மா. பெயர் யாருடையதோ பதிவும் அவருடையது என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அது உண்மையான பதிவு.

தப்பிக்கத் தோன்றும் வழிகள்

இந்த இடத்தில் நிற்கும் எவருக்கும் சில குறுக்கு வழிகள் தோன்றும். வகுப்பில் அவற்றை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதி, “இப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு என்ன ஆகும்?” என்று கேட்கலாம்.

1. அழித்துத் தருவதாகச் சொல்லும் தரகரிடம் பணம் கொடுப்பது. பணம் போவதோடு, ஆதார், பான் நகல்களும் கடவு எண்ணும் அவர் கைக்குப் போய்விடும். அவற்றை வைத்து வேறொரு கடன் எடுக்கவும் வாய்ப்புண்டு.

2. கைபேசிச் செயலியில் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனைக் கட்டுவது. 2022-இல் வந்த ரிசர்வ் வங்கியின் எண்மக் கடன் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோதான் கடனைத் தர வேண்டும். மொத்தச் செலவைக் காட்டும் விவரத் தாளையும் முன்பே தர வேண்டும். எந்த நிறுவனத்தின் கடன் என்றே சொல்லாத செயலியைத் தொடவே கூடாது.

3. உறவினர் பெயரில் கடன் வாங்குவது. அம்மாவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம்தான். நம் சிக்கல் தீர்வதில்லை. இன்னொரு வீட்டுக்கு இடம் மாறுகிறது.

4. கந்துவட்டிக்கு வாங்கி நிலுவையைக் கட்டுவது. பதிவு சுத்தமாகும், வீடு மூழ்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதலே அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் உள்ளது.

5. பேரம் பேசிக் குறைந்த தொகையில் முடித்துக்கொள்வது. இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். அம்மாவிடம் ரூ.10,000 கட்டினால் போதும் என்றார்களாம். அப்படி முடித்தால் பதிவில் ‘மூடப்பட்டது’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். மீதியைக் கடன் கொடுத்தவர் விட்டுக்கொடுத்தார் என்பது அதன் பொருள். அடுத்துக் கடன் தரப்போகிறவர் அதைப் பார்த்துத் தயங்குவார். உண்மையிலேயே கட்ட வழியில்லாத குடும்பத்துக்கு இதுவும் ஒரு சட்டபூர்வமான வழிதான். ஆனால் அதன் விளைவைத் தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். ‘ரிட்டன் ஆஃப்’ என்ற சொல்லும் அப்படித்தான். நிறுவனம் தன் கணக்கில் வாராக்கடனாக எழுதிவிட்டது என்று பொருளே தவிர, கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று பொருளில்லை.

தப்பித்தல் ஊரளவில் நடந்தாலும் விளைவு இதே போலத்தான். 2010-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் நுண்கடன் நிறுவனங்களின் கெடுபிடி வசூல் பெரும் துயரத்தை உண்டாக்கியது. மாநில அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் பெருமளவு நின்றது. கெடுபிடி குறைந்தது உண்மை. ஆனால் நிறுவனங்கள் புதிய கடன் தருவதையும் நிறுத்திக்கொண்டன. ஒழுங்காகக் கட்டி வந்த பெண்களுக்கும் அந்தக் கதவு மூடியது. கடன் தருபவரின் அத்துமீறலையும் பேச வேண்டும், கடன் பதிவின் மதிப்பையும் பேச வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உப்பளம் கற்றுத் தந்த பாடம்

மீட்பது எப்படி என்று வகுப்பில் பேசியபோது ஒரு மாணவன் சொன்னது எனக்குப் புத்தகத்தில் கிடைக்காதது. “டீச்சர், மழை பெஞ்சு பாத்தி கெட்டுப்போனா உடனே உப்பு எடுக்க முடியாது. தண்ணிய எறைச்சு, சேத்த வழிச்சு, மிதிச்சு மிதிச்சுத் தரைய கெட்டியாக்கணும். அப்புறந்தான் உப்புத் தண்ணி விடணும். அவசரப்பட்டா உப்புல சேறு வரும்.”

கடன் பதிவை மீட்பதும் அதே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது. தவறானவற்றைத் திருத்துவது. உண்மையான நிலுவையைக் கடன் கொடுத்தவரோடு பேசி, தாங்கக்கூடிய தவணையாக்கிக் கட்டுவது. கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்குவது. சில வாரங்கள் கழித்து அறிக்கையில் ‘மூடப்பட்டது’ என்று வந்துள்ளதா என்று சரிபார்ப்பது. அதன் பின் தேவை இருந்தால் மட்டும், மகளிர் சுய உதவிக் குழுக் கடன் போலவோ வங்கி நகைக் கடன் போலவோ சிறிய கடனாக வாங்கி, ஒரு தவணையும் தவறாமல் கட்டுவது. இடையில் நான்கைந்து இடங்களில் கடனுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பது. பழைய தாமதம் அழியாது. அதன் மேல் ஒழுங்கான மாதங்கள் ஒவ்வொன்றாக வந்து படியும்.

ஆரோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. முதலில் சேமிப்பு, பிறகு அந்தச் சேமிப்பிலிருந்து சிறு கடன், பிறகு வங்கிக் கடன் என்பது சுய உதவிக் குழுவின் வரிசை. அந்த வரிசையை மாணவிகள் தங்கள் அம்மாக்களிடமே கேட்டு எழுதி வந்தார்கள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

கணக்கு ஆசிரியரும் நானும் சேர்ந்து மூன்று செயல்பாடுகளை வகுத்தோம். எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ படித்த பிள்ளைகளால் இவற்றைச் செய்ய முடியும்.

செயல்பாடு 1: வட்டியின் உண்மை விகிதம்

(அ) ‘நூற்றுக்கு 2 வட்டி’ என்றால் மாதத்துக்கு 2. ஆண்டுக்கு 24 விழுக்காடு. ‘10 வட்டி’ என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு.

(ஆ) ரூ.10,000 கடன், 12 விழுக்காடு வட்டி, 12 மாதத் தவணை. வட்டியை முழுத் தொகைக்கும் கணக்கிட்டால் ரூ.1,200. ஆனால் அசல் மாதந்தோறும் குறைகிறது. ஆண்டு முழுவதும் நம்மிடம் சராசரியாக இருந்தது ரூ.5,417 மட்டுமே. 1,200-ஐ 5,417-ஆல் வகுத்தால் உண்மை விகிதம் ஏறத்தாழ 22 விழுக்காடு.

(இ) தண்டல் கடன்: கையில் ரூ.8,500 கிடைக்கிறது. நாளுக்கு ரூ.100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி ரூ.1,500. சராசரியாக நம்மிடம் இருந்தது ஏறத்தாழ ரூ.4,250. 100 நாளுக்கு 35 விழுக்காடு. ஆண்டுக்கு எவ்வளவு என்று மாணவர்களே கணக்கிட்டு, 100-ஐத் தாண்டுவதைக் கண்டு வியந்தார்கள்.

செயல்பாடு 2: பன்னிரண்டு மாதக் கட்டம்

எங்கள் ஊரில் ஏறத்தாழ ஜனவரி முதல் செப்டம்பர் வரை உப்புக் காலம். மழை மாதங்களில் வேலை இல்லை. தவணைக்கு மட்டும் மழைக்கால விடுமுறை கிடையாது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன.

தாளில் 12 கட்டங்கள் வரையச் சொல்லவும். ஒரு கற்பனைக் குடும்பம்: 9 மாதங்களுக்கு மாத வருமானம் ரூ.12,000, 3 மாதங்களுக்கு இல்லை. ஆண்டு வருமானம் ரூ.1,08,000, மாதச் சராசரி ரூ.9,000. 2022-ஆம் ஆண்டின் நுண்கடன் விதிகளின்படி ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆக உச்ச வரம்பு ரூ.4,500. “அவ்வளவு வாங்கலாமா?” என்று கேட்கவும். அக்டோபர் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் திகைப்பார்கள்.

தவணை ரூ.2,000 என்று வைத்தால் மழைக்கால மூன்று மாதங்களுக்கு ரூ.6,000 வேண்டும். அதை ஒன்பது மாதங்களில் சேர்க்க, மாதம் ரூ.667 எடுத்து வைக்க வேண்டும். “அரசு தரும் மழைக்கால நிவாரணம் ரூ.5,000-ஐ அதற்கு வைத்துக்கொள்ளலாமே” என்றான் ஒருவன். “அப்ப என்னடா சாப்பிடுவாங்க?” என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. அன்றைய வகுப்பில் மிகச் சிறந்த உரையாடல் அதுதான். நான் குறுக்கிடவில்லை.

செயல்பாடு 3: மாதிரி அறிக்கையைப் படித்தல்

ஆசிரியரே உருவாக்கிய கற்பனை அறிக்கை ஒன்றைக் குழுக்களுக்குக் கொடுக்கவும். ஐந்து பதிவுகள் போதும். ஒவ்வொன்றும் தவறான பதிவா, உண்மையான பதிவா, யாரிடம் முறையிட வேண்டும், எத்தனை நாளில் தீர வேண்டும் என்று அவர்கள் எழுத வேண்டும். கூடவே கடன் வாங்கியவரின் உரிமைகளையும் சேர்க்கவும். நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொடர்பு கொள்ளக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் இல்லை. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. நிறுவனம் உரிய பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான உதவி எண் 14448. இணையப் பண மோசடிக்கு 1930.

ஆசிரியர் கவனத்திற்கு

• “உங்கள் வீட்டில் எவ்வளவு கடன்?” என்று வகுப்பில் ஒருபோதும் கேட்க வேண்டாம். கற்பனைக் குடும்பத்தைக் கொண்டே நடத்தவும். பேச விரும்பும் பிள்ளை தானாகத் தனியே வரும்.

• கடன் வாங்கியவரைப் பொறுப்பற்றவராகக் காட்ட வேண்டாம். “கடன் வாங்காதே” என்ற என் பழைய முடிவுரை, வகுப்பில் பாதிப் பிள்ளைகளைத் தங்கள் அம்மா அப்பாவுக்காக வெட்கப்பட வைத்திருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

• நாம் நிதி ஆலோசகர்கள் இல்லை. பெற்றோரை மாவட்ட முன்னோடி வங்கியின் நிதி எழுத்தறிவு மையத்துக்கு வழிகாட்டினால் போதும். அவர்களின் கடவு எண்ணையோ ஆவணங்களையோ நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

• மேல்வகுப்பு மாணவர்களுக்குக் கடன் பதிவு வேலைக்கும் தொடர்புடையது என்பதைச் சொல்லவும். பாரத ஸ்டேட் வங்கிப் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் கடன் பதிவு சரியில்லாததால் ரத்தானபோது, 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் அம்முடிவை ஏற்றுக்கொண்டது. மறுபுறம், சிபில் மதிப்பெண் குறைவு என்ற காரணத்தை மட்டும் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

மூன்று ஆண்டுகள்

அந்த அம்மா தரகருக்குப் பணம் கொடுக்கவில்லை. ரூ.18,000-ஐ மாதம் ரூ.2,000 வீதம் ஒன்பது மாதங்களில் கட்ட ஒப்புக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்காவும் தன்னால் முடிந்த மாதங்களில் பாதியைக் கொடுத்தார். அந்த ஆண்டு மகனுக்குக் கல்விக் கடன் கிடைக்கவில்லை. அவன் அரசு பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதமாட்டேன். அவன் படிக்க நினைத்த படிப்பு வேறு.

கடைசித் தவணை கட்டிய பிறகு, நிலுவையில்லாச் சான்றை மாணவி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். “இப்ப அழிஞ்சிடுச்சா டீச்சர்?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, அழியாது. ஆனா மூடியாச்சு. இனிமே ஒழுங்கா போற ஒவ்வொரு மாசமும் அதுக்கு மேல வந்து சேரும்.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிய எத்தனை மாதங்கள் என்று கணக்குப் போட்டாள். பிறகு, “நான் காலேஜ் போறதுக்குள்ள சரியாகிடும்” என்றாள்.

நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே மூன்று ஆண்டுகள் கையில் இருக்கின்றன. பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு வங்கி வாசலில் கற்றுக்கொள்வதை விட, இப்போதே நம்மிடம் கற்றுக்கொள்ளட்டும்.